சதுப்பு நிலக் கரைகளில் 60 கி.மீ. கிராவல் சவாரி: டயர், கியர், காற்று, களிமண் பற்றிச் சில சந்தேகங்கள்

கரைவழி:

வணக்கம் நண்பர்களே. ஒரு பறவைக் காப்பகத்தை ஒட்டி, போக 30 வர 30 என்று 60 கி.மீ. கிராவல் (சரளை, மண்பாதை) தடம் போட்டு வைத்திருக்கிறேன். ஏற்றம் எல்லாவற்றையும் கூட்டினாலும் 40 மீட்டரைத் தாண்டாது. முதல் 8 கி.மீ. இறுகிய சரளை. அடுத்த 15 கி.மீ. வாய்க்கால் கரை, மேலே களிமண், ஓரத்தில் புல். கடைசி 7 கி.மீ. வயல்களுக்கு நடுவே வண்டித்தடம்.

என் எடை 75 கிலோ, வண்டி 10 கிலோ. 700×38 டயர், உள்ளே டியூப். முன்னால் ஒற்றை செயின்ரிங் (மிதியோடு சுற்றும் பல்சக்கரம்) 42 பல், பின்னால் 11-42 காசெட் (11 முதல் 42 பல் வரையான பல்சக்கர அடுக்கு), 11 ஸ்பீடு. ஃபிரேமில் 45 மி.மீ. டயர் வரை போடலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பில் இருக்கிறது.

கேட்க வேண்டியவை: டயரை மாற்ற வேண்டுமா, காற்று எவ்வளவு வைப்பது? சமதளம்தானே, இந்த காசெட்டே போதுமா? சாதாரண ரோட்டில் 22 கி.மீ. சராசரி வருகிறது, இங்கே எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? கரை ஈரமாக இருந்தால் என்ன செய்வது? காப்பகத்தை ஒட்டிப் போவதால் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

ஆரக்கால்:

டயரில் இருந்து தொடங்குகிறேன். அந்த 15 கி.மீ. கரைதான் உங்கள் சவாரியைத் தீர்மானிக்கும், சரளை அல்ல. இளகிய மண்ணில் சக்கரம் எவ்வளவு புதைகிறது என்பது டயர் தரையைத் தொடும் பரப்பைப் பொறுத்தது. அந்தப் பரப்பு ஏறக்குறைய 'சக்கரத்தின் மேல் உள்ள பாரம் வகுத்தல் காற்றழுத்தம்'. மொத்தம் 85 கிலோவில் 55 சதவீதம் பின்சக்கரத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்தால் தொடும் பரப்பு சுமார் 19 சதுர செ.மீ., 25 வைத்தால் சுமார் 27. அழுத்தத்தைக் குறைப்பதுதான் வேலை செய்கிறது. டயர் அகலமாக இருந்தால் ரிம் அடிபடாமல் அந்த அளவுக்குக் குறைக்க முடியும். 38 மி.மீ. டயரில் டியூபை வைத்துக்கொண்டு 25க்கு இறக்கினால் முதல் கல்லிலேயே டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைத் துளை விழும்.

ஆகவே 42 அல்லது 45 மி.மீ., டியூப்லெஸ் (டியூப் இல்லாமல், டயரே ரிம்மோடு சேர்ந்து காற்றைப் பிடிப்பது). உங்கள் எடைக்கு 45 மி.மீ. டியூப்லெஸ்ஸில் முன்னால் 25, பின்னால் 28 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். 42 என்றால் இரண்டிலும் 2 கூட்டிக்கொள்ளுங்கள். இருக்கிற 38ஐயும் டியூபையும் வைத்தே போவதாக இருந்தால் முன் 38, பின் 42. கரையில் மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்விடும். தரைப் பம்பில் உள்ள முள் 30க்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. தனி டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்கி எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

அகலத்தை டயரின் பக்கவாட்டில் அச்சடித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரிம்மின் உள் அகலம் கூடினால் அதே டயர் ஒன்றிரண்டு மி.மீ. விரியும். மாட்டிக் காற்றடித்து ஒரு நாள் விட்டபிறகு 6 மி.மீ. ஆலன் சாவியை டயருக்கும் செயின்ஸ்டேக்கும் (பின்சக்கரத்தின் பக்கவாட்டில் ஓடும் ஃபிரேம் குழாய்) நடுவே விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் தட்டாமல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் தயாரிப்பாளர் 45 என்று சொன்னாலும் சேற்றுக்கு அது 42 ஃபிரேம்தான். மண்ணோடு ஒட்டிய சிறு கல் ஒன்று அந்த இடுக்கில் உரசி உரசி கார்பன் செயின்ஸ்டேயை அரித்துவிடும். அலுமினியம் என்றால் பெயிண்டோடு போகும்.

ட்ரெட் (டயர் மேல்பரப்பின் வடிவம்) விஷயத்தில் நடுவில் தாழ்வான, நெருக்கமான கோடுகளும் ஓரத்தில் இடைவெளி விட்ட கட்டைகளும் உள்ள டயர் நல்லது. முழுக்க நெருக்கமான குட்டிக் கட்டைகள் உள்ளவை களிமண்ணில் இரண்டு சுற்றிலேயே மண் அடைத்து மொழுமொழுவென்று ஆகிவிடும், பிறகு என்ன டயர் போட்டாலும் ஒன்றுதான்.

ரிம் ஹுக்லெஸ் (டயர் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி மடிப்பு இல்லாத) வகையா என்றும் பாருங்கள். ஹுக்லெஸ் ரிம்முக்கு உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.; டயரிலும் ஹுக்லெஸ்ஸுக்கு ஏற்றது என்று போட்டிருக்க வேண்டும். ஓட்டும்போது 28தான் வைக்கப் போகிறோம், அப்போது சிக்கல் இல்லை. முதல் தடவை டயரை ரிம்மில் உட்கார வைக்க 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அடிக்கும்போதுதான் வரம்பைத் தாண்டுவார்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதிய எண்களில் எது குறைவோ அதுவே எல்லை. உட்கார மறுத்தால் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், வால்வுக்குள் இருக்கும் கோரைக் கழற்றிவிட்டு அடியுங்கள்.

கரைகளில் ரிம் அடிபடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: மதகுகளின் மேலுள்ள சின்னப் பாலங்கள். கரை மண் வருஷக்கணக்கில் அமிழ்ந்துபோய், கான்கிரீட் விளிம்பு மட்டும் மூன்று நான்கு செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் சமமாகத்தான் தெரியும். ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் சீட்டில் இருந்து இடுப்பைத் தூக்கிவிடுங்கள்.

காற்றுமுகம்:

"சமதளம்தானே" என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். மலையில் ஏறினால் இறங்கும்போது இளைப்பாறலாம். இங்கே மூன்று மணி நேரமும் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு மரம், வீடு எதுவும் மறைக்காத வெட்டவெளியில், தரையைவிட உயர்ந்த கரைமேல் போகிறீர்கள். உங்கள் ஏற்றம் காற்றுதான்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மொத்த எடை 85 கிலோ, காற்றை எதிர்க்கும் பரப்பு 0.38 சதுர மீட்டர், ஓரளவு இறுகிய மண்பாதைக்கு உருளல் தடைக் கெழு 0.012 என்று எடுத்துக்கொள்கிறேன். காற்றே இல்லாதபோது 22 கி.மீ. வேகத்துக்கு சுமார் 113 வாட் போதும். ஆள் உயரத்தில் 15 கி.மீ. எதிர்க்காற்று வந்தால் அதே 22ஐத் தக்கவைக்க சுமார் 208 வாட் வேண்டும். அதே 113 வாட்டிலேயே மிதித்தால் வேகம் 15.5க்கு இறங்கும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளினால் 29.5 வரும். அப்படியானால் போக 1 மணி 56 நிமிடம், வர 1 மணி 1 நிமிடம், ஆக மொத்தம் 2 மணி 57 நிமிடம். காற்றில்லாத நாளில் 2 மணி 44. எதிர்க்காற்றில் இழந்த நேரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் இருக்கிறோம். இது கரை காய்ந்திருந்தால். ஈரம் என்றால் உருளல் தடை இரட்டிப்பாகும், சில இடத்தில் அதற்கும் மேல். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், நிற்பதெல்லாம் சேர்த்து.

வானிலை முன்னறிவிப்பில் சொல்லும் வேகம் தரையில் இருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. திறந்த புல்வெளியில் சைக்கிள் ஓட்டுபவர் உயரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். கரைமேல் ஏறினால் அந்தச் சலுகையும் குறையும். கரையின் அடிவாரத்தில் காற்று மறைவுப் பக்கமாக இன்னொரு தடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இருந்தால் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் அதுவே லாபம்.

புறப்படும் நேரமும் முக்கியம். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று அடங்கிவிடும். வெயில் ஏறி இரண்டு மூன்று மணி நேரத்தில் உயரத்தில் வீசும் காற்று கீழே கலந்து வேகம் எடுக்கும். எனவே காலையில் எதிர்க்காற்றில் கிளம்பினால், அது பலவீனமாக இருக்கும்போது எதிர்த்துப் போய், பலமானபின் அதன் தயவில் திரும்பலாம். கடலோரச் சதுப்பு என்றால் இந்தக் கணக்கு கவிழலாம். காலையில் நிலத்தில் இருந்து கடலுக்கு வீசுவது, முற்பகலுக்குப் பிறகு கடலில் இருந்து நிலத்துக்குத் திரும்பும். காலையில் கடலைவிட்டு உள்நாட்டுப் பக்கம் எதிர்க்காற்றில் போய், மதியம் கடலை நோக்கித் திரும்பினால் இரண்டு பக்கமும் எதிர்க்காற்றேதான். மணிவாரியான திசையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இனி காசெட். உங்கள் 11-42இல் பற்கள் 11-13-15-17-19-21-24-28-32-37-42. எதிர்க்காற்றில் 15 முதல் 20 கி.மீ. வேகத்தில்தான் இருப்பீர்கள். 85 கேடன்ஸில் (நிமிடத்துக்கு 85 மிதிச் சுற்று) 42க்கு 28 போட்டால் சுமார் 17 கி.மீ., 24 போட்டால் சுமார் 19.5. நடுவில் ஒன்றும் இல்லை. ஒன்று கால் பறக்கும், அல்லது முட்டி கனக்கும். 11-34 காசெட்டில் அதே இடத்தில் 19-21-23-25-27-30 என்று நெருக்கமாக இருக்கும். 24க்கும் 28க்கும் இடையே 17 சதவீதத் தாவல். 23க்கும் 25க்கும் இடையே 9 சதவீதம்கூட இல்லை. மூன்று மணி நேரம் ஒரே வாட்டில் மிதிக்கும் சவாரியில் இந்த வித்தியாசத்தைக் கால் உணரும். கடைசி 42 பல்லை இந்தத் தடத்தில் தொடவே மாட்டீர்கள்.

ஆனால் மாற்றுவதற்கு முன் உங்கள் டெரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) குறிப்பில் மிகப்பெரிய பல் 'குறைந்தபட்சம் எவ்வளவு' என்று இருக்கிறது என்று பாருங்கள். 42க்கென்றே செய்த டெரெய்லரில் 34 போட்டால் மேல் புல்லி பல்லில் இருந்து தள்ளி நின்று கியர் மாற்றம் மந்தமாகும். அந்த இடைவெளியை மாற்றும் பி-ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்வதற்கும் ஓர் அளவு உண்டு. செயினையும் புதிதாக அளந்து வெட்ட வேண்டும். இந்த ஒரு சவாரிக்காக என்றால் தேவையில்லை. இப்படித்தான் அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள்.

கடைசியாக உடம்பு. மேடு பள்ளம் இல்லாததால் எழுந்து மிதிக்கும் சந்தர்ப்பமே வராது, சீட்டில் ஒரே இடத்தில் அழுத்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பல் கனமாகப் போட்டு 20 மிதி எழுந்து மிதியுங்கள். எதிர்க்காற்றில் குனிந்து போகும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கை வெளியோரத்தில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். கை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் சீட்டின் மூக்கு அதிகமாகக் கீழே சாய்ந்து எடையெல்லாம் கைக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் சாய்க்கத் தேவையில்லை.

முள்வாங்கி:

பஞ்சர் பற்றி யாரும் சொல்லவில்லை. காய்ந்த வயலோர வண்டித்தடம் என்றாலே நெருஞ்சி இருக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும் காய் அது. 45 டயருக்கு ஒரு சக்கரத்துக்கு 70, 80 மி.லி. சீலண்ட் (துளையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள், வெப்பமான ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வு வழியாகக் குச்சி விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். குத்திய முள்ளைப் பிடுங்குவதானால் துளையைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பிடுங்குங்கள், சீலண்ட் அங்கே வந்து சேரும்.

முக்கியமானது இதுதான். டியூப்லெஸ் டயரில் பத்து முள் குத்தி உடைந்து உள்ளேயே நின்றாலும் தெரியாது, சீலண்ட் அடைத்துவைத்திருக்கும். ஒரு நாள் பக்கவாட்டில் பெரிதாகக் கிழிந்து, அவசரத்துக்கு டியூப் போடுவீர்கள். அந்தப் பத்து முள்ளும் புது டியூபைக் குத்தும். டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுக்கத் துணியால் தடவிப் பாருங்கள் (விரலால் வேண்டாம்), ஒவ்வொரு முள்ளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு மாட்டுங்கள். பையில் இருக்க வேண்டியவை: ப்ளக் (துளையில் செருகும் அடைப்பு) ஐந்து, சின்ன இடுக்கி, வால்வு கோர் சாவி, ஒரு டியூப், பழைய டயரில் வெட்டிய 5 செ.மீ. துண்டு ஒன்று. கிழிசலுக்கு உள்ளே வைக்க அந்தத் துண்டுதான் உதவும்.

கரைவழி:

மிக்க நன்றி. டயர் 45 டியூப்லெஸ் என்று முடிவு செய்துவிட்டேன், காசெட் இப்போதைக்கு இருப்பதே. களிமண் பற்றி இன்னும் பயம் இருக்கிறது. மழை பெய்து எத்தனை நாள் கழித்துப் போகலாம்? நடுவில் சேறு வந்தால் ஓரப் புல்மேல் ஓட்டிக் கடந்துவிடலாமா?

வண்டல்:

நாள் கணக்கு வேலைக்கு ஆகாது. மணல் கலந்த கரை ஒரே நாளில் ஓட்டத் தயாராகும், சுத்தக் களிமண் ஒரு வாரம் ஆனாலும் ஆகாது. நிழல், காற்று, கரையின் சரிவு எல்லாமே சேர்ந்து தீர்மானிக்கும்.

களிமண் இரண்டு நிலையில் ஓட்டக்கூடியது: நன்றாகக் காய்ந்தபோது, அல்லது தண்ணீர் மிதக்கும் அளவுக்கு ஊறியபோது. ஊறியபோது வழுக்கும், ஆனாலும் மண் குழம்பாகத் தெறித்து ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே, மேல்தோல் காய்ந்து உள்ளே பிசைந்த மாவுப் பதத்தில் இருக்கும்போதுதான் ஆபத்து. சக்கரம் அதை உரித்து எடுத்துச் சுற்றிக்கொள்ளும். மேலே வெளிறிய நிறம், சின்னச் சின்ன வெடிப்பு எல்லாம் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைத்து இறங்குவார்கள்.

இறங்கும் முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மண் பொறியாளர்கள் செய்வதுதான். மேல்தோலை விலக்கி ஒரு சிட்டிகை மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உடையாமல் 3 மி.மீ. தடிமனுக்கு நூல்போல் திரிந்தால் அது ஒட்டும் நிலையில் இருக்கிறது, போகாதீர்கள். அந்த அளவுக்கு வருவதற்கு முன்பே நொறுங்கினால் போகலாம்.

தெரியாமல் மாட்டிக்கொண்டால் முதல் அறிகுறி ஃபோர்க் தலையில் இருந்து வரும் உரசல் சத்தம். அடுத்து முன்சக்கரம் சுற்றுவதை நிறுத்தி வழுக்கும். இந்த நேரத்தில் 'இன்னும் பத்து மீட்டர்தான்' என்று கனமாக மிதிப்பதுதான் வண்டியைக் கெடுப்பது. செயினில் மண்ணும் புல்லும் சுற்றி, டெரெய்லர் கூண்டு அடைபட்டு, செயின் இழுக்கிற இழுப்பில் கூண்டு பின்னால் மடங்கும். ஹேங்கர் (டெரெய்லரை ஃபிரேமோடு பிடிக்கும் சிறு துண்டு) முறியும், விதி மோசமானால் டெரெய்லர் ஆரக்கால்களுக்குள் போய்விடும். சத்தம் வந்ததுமே இறங்குங்கள். உருட்டவும் வேண்டாம், உருட்டினாலும் ஒட்டும். தூக்கித் தோளில் போடுங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் போட்டிக்கு வருபவர்கள் மண்ணைச் சுரண்டப் பெயிண்ட் கலக்கும் தட்டைக் குச்சியை ஜெர்சிப் பையில் செருகிக்கொண்டு வருவார்கள், அங்கே களிமண் அப்படி. குச்சி இல்லை என்றால் பிளாஸ்டிக் டயர் லிவர். உலோகத்தால் சுரண்ட வேண்டாம்.

மட்கார்டு போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள். களிமண்ணில் முதலில் அடைபடுவது அதுதான். ஹேங்கர் உதிரி ஒன்று உங்கள் ஃபிரேம் மாடலுக்கே உரியது பையில் இருக்கட்டும். எல்லா ஹேங்கரும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

ஓரப் புல்: ஆம், வேர் பிடித்திருப்பதால் மண் உதிராது, ஒட்டவும் செய்யாது. அந்தப் பக்கமாக ஓட்டிக் கடப்பதுதான் வழக்கம்.

நீர்க்கோழி:

வண்டல் சொன்னதில் கடைசிப் பத்தியை மட்டும் மறுக்கிறேன். காப்பகத்தை ஒட்டிய கரையில் அந்தப் புல்விளிம்பு காலி இடம் அல்ல. ஆள்காட்டி, உப்புக்கொத்தி, வானம்பாடி, ஆலா எல்லாம் தரையிலேயே முட்டை இடுபவை. பெரும்பாலும் கூடு என்று ஒன்று கட்டாமல், சின்னக் குழியில், மண் நிறத்தில், புள்ளி போட்ட மூன்று நான்கு முட்டை. சைக்கிளில் போகிறவர் கண்ணுக்கு அது படவே படாது. அடைகாக்கும் பருவத்தில் புல்மேல் ஏறாதீர்கள். சேற்றுப் பகுதியை ஏற்கெனவே உள்ள தடத்தின் நடுவிலேயே தூக்கிக்கொண்டு நடந்து கடங்கள். அவ்வளவு தூரம் தூக்க முடியாது என்றால் திரும்புங்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொருவரும் சேற்றைச் சுற்றிப் புல்லில் போகப் போக இரண்டு மீட்டர் தடம் ஆறு மீட்டர் ஆகும், புல் செத்து அங்கேயும் சேறாகும், கரையும் பலவீனமாகும்.

ஆள்காட்டி தலைக்கு மேலே வந்து கத்தினாலோ, தாழப் பறந்து பாய்ந்தாலோ, கூட்டுக்கு அருகே வந்துவிட்டீர்கள். நின்று தேடாதீர்கள், கேமராவை எடுக்காதீர்கள். தடத்தைவிட்டு விலகாமல் நேரே போய்விடுங்கள். நீங்கள் நிற்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கிறது.

சைக்கிள் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தால் பெரும்பாலான நீர்ப்பறவைகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடரும். நிற்கும்போதுதான் எழும்பும். கரைமேல் நிற்கும் ஆள் வானத்துப் பின்னணியில் இரண்டு பக்கத்துத் தண்ணீரில் இருந்தும் தெரிவான். பார்க்க வேண்டும் என்றால் பார்வைக் கோபுரத்திலோ புதர் மறைவிலோ நில்லுங்கள். சத்தமான ஃப்ரீஹப் (மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் பின்சக்கரப் பகுதி) உள்ள வண்டியை மிதிக்காமல் உருட்டினால் அந்த டிக்டிக் அமைதியான நீர்ப்பரப்பில் வெகுதூரம் கேட்கும். பறவைக்கூட்டம் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாக மிதித்துக்கொண்டே போங்கள், சத்தம் வராது.

காற்றுமுகம் அதிகாலையில் கிளம்பச் சொன்னார். காற்றுக்கு அது சரிதான். ஆனால் விடியலுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் பறவைகள் அடையும் இடத்தைவிட்டு இரைக்குக் கிளம்பும் நேரம். உங்கள் தடத்தில் முதல் 8 கி.மீ. சரளை என்பதால், வெளிச்சம் வந்தபின் கிளம்பினாலே கரையை எட்டும்போது அந்த நேரம் தாண்டிவிடும். பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கைக் கரையில் அணைத்துவிடுங்கள். கடலோரம் என்றால் ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையையும் பாருங்கள்: உயர் ஓதத்தில் சேற்றுத்திட்டுகள் மூழ்கியதும் கரைப்பறவைகள் எல்லாம் மிஞ்சிய மேட்டுக்கு வந்து கூட்டமாக நிற்கும், பல இடங்களில் அந்த மேடு நீங்கள் ஓட்டும் கரைதான். உயர் ஓதத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தவிருங்கள். வலசை வந்தவற்றுக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் சேர்த்துவைத்த கொழுப்பில் இருந்து போகிறது.

விதிமுறை: 'ராம்சர் தலம்' என்று பலகை இருப்பதால் மட்டும் நுழையக் கூடாது என்றோ நுழையலாம் என்றோ ஆகாது. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான அந்த உடன்படிக்கை சதுப்பு நிலங்களின் விவேகமான பயன்பாட்டைப் பேசுகிறது. எந்தக் கரையில் சைக்கிள் போகலாம் என்பதை அந்தந்தக் காப்பக நிர்வாகம்தான் முடிவு செய்யும். இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் மூடும் கரைகளும் உண்டு. வாயில் பலகையைப் படியுங்கள், சந்தேகம் என்றால் அலுவலகத்தில் கேளுங்கள். வழியில் உள்ள கதவுகள் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டுப் போங்கள்.

வண்டல்:

நீர்க்கோழி சொல்வது சரி, இனப்பெருக்கக் காலத்தில் புல் வேண்டாம். மற்றப் பருவங்களில், காப்பக எல்லைக்கு வெளியே, ஏற்கெனவே தடம் விழுந்த புல்லில் ஓட்டுவதில் தவறில்லை என்றே இன்னும் நினைக்கிறேன்.

மதகடி:

பாதை விஷயம். வாய்க்கால் நிலத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தை நம்பாதீர்கள். எதிர்க்கரை 20 மீட்டரில் இருக்கும், அடுத்த பாலம் 6 கி.மீ. தள்ளி இருக்கும். வரைபடத்தில் எல்லாப் பாலங்களையும் மதகுகளையும் புள்ளி வைத்துக் குறித்து, ஒவ்வொன்றிலும் திரும்பி வரும் மாற்றுவழி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தடத்தில் 15 கி.மீ. கரையின் நடுவே ஒரு வெளியேறும் இடமாவது இருக்க வேண்டும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் மண்பாதைகளுக்கு 'ட்ராக்டைப்' என்று கிரேடு 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள். 1 இறுகியது, 5 முழுக்க இளகியது. கரையில் 4, 5 என்று இருந்தால் ஈரக்காலத்தில் அதை நடைபாதையாகவே கணக்கில் எடுங்கள். அனுமதி இல்லாத தனியார் வழியா என்பதும் சில இடங்களில் குறித்திருக்கும்.

வெள்ளம் வடிந்துவிட்டதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் கோப்பர்னிகஸ் தளத்தில் இலவசம். 10 மீட்டர் துல்லியம், ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒரு படம். அகச்சிவப்புப் பட்டையைச் சேர்த்துப் பார்த்தால் தண்ணீர் கறுப்பாகவும் செடிகொடி பளிச்சென்றும் தெரியும். மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படம். அதற்கு மேகம் தடை இல்லை. 10 மீட்டர் துல்லியத்தில் இரண்டு மீட்டர் கரை தெரியாது, ஆனால் இரு பக்கத்து வயலும் கறுப்பாக இருந்தால் கரையின் கதை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

தடத்தின் குறுக்கே தேங்கிய நீரில், ஹப் (சக்கர மையம்) மூழ்கும் ஆழம் என்றால் ஓட்டாதீர்கள். பேரிங்குக்குள் போன வண்டல் நீர் ஒரு வாரத்தில் கரகரக்கும். காய்ந்த டிராக்டர் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டால் ஹேண்டிலைத் திருப்பி ஏற முயலாதீர்கள், விழுவீர்கள். வேகத்தைக் குறைத்து அது ஆழம் குறையும் இடம் வரை அதிலேயே போங்கள். குடிக்க இரண்டு லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள். வயல் வாய்க்கால் நீரில் பூச்சிமருந்து இருக்கும், சாதாரண வடிகட்டி அதை நீக்காது. இடி கேட்டால் கரையைவிட்டு இறங்கிவிடுங்கள், அந்த வெளியில் உயரமானது நீங்கள்தான்.

ஆரக்கால்:

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். களிமண்ணைக் காயவிடாதீர்கள். அன்றே, அழுத்தம் குறைந்த தண்ணீரில், மேலிருந்து கீழாக. பிரஷர் வாஷரை ஹப், ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சின் பேரிங்) பக்கம் காட்டவே கூடாது. சீலைத் தாண்டி மண்ணை உள்ளே தள்ளிவிடும். உப்பங்கழி ஓரமாகப் போயிருந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். ஆரக்கால் நிப்பிளிலும் போல்ட் தலையிலும் உப்பு தங்கினால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும்.

வேறு நீர்நிலைக்கு அடுத்து போவதானால் இது இன்னும் அவசியம். ஈர மண்ணில் களை விதையும் சிறு நத்தைகளும் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். நியூசிலாந்தில் சொல்லும் வழி: பார், கழுவு, உலர்த்து. தொட்டால் ஈரமே இல்லாமல் காய்ந்தபிறகு இன்னும் 48 மணி நேரம் விட வேண்டும். வண்டி சீக்கிரம் காயும்; ஷூவும் பையும்தான் தாமதம்.

செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் போடுங்கள். மெழுகு போட்ட செயின் தூசிக்கு அருமை, ஆனால் நீண்ட ஈரச் சவாரியில் கழுவிக்கொண்டு போய் கீச்சிடத் தொடங்கும். ஈரத்துக்கான எண்ணெய் நிற்கும், மண்ணையும் பிடித்துக்கொள்ளும். ஈரம் உறுதி என்றால் இரண்டாவது, மற்றபடி முதலாவது. 11 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள். 12 அங்குலத்துக்கு 1.5 மி.மீ. கூடினால் அந்த அளவு வந்துவிட்டது. வண்டல் மண் அரம் மாதிரிதான் தேய்க்கும், ரோட்டில் வந்த ஆயுளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கரைவழி:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. உதிரி ஹேங்கர் கிடைக்காத பழைய ஃபிரேம் இது. வழியில் முறிந்தால் என்ன செய்வது?

வண்டல்:

டெரெய்லரைக் கழற்றி எடுத்துவிட்டு, செயினைச் சுருக்கி ஒரே கியரில் ஓட்டி வரலாம். செயின் கட்டர் உள்ள மல்ட்டி டூலும், 11 ஸ்பீடு குயிக் லிங்க் (செயினைக் கையாலேயே இணைக்கும் கண்ணி) இரண்டும் பையில் இருக்க வேண்டும். உங்கள் 42க்குப் பின்னால் 21 அல்லது 24 பல்லில், செயின் நேர்க்கோட்டில் வரும் இடமாகப் பார்த்து மாட்டுங்கள். கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பரவாயில்லை, மிக இறுக்கமாக வேண்டாம்; செயின் நேர்க்கோட்டில் இல்லை என்றால் மிதிக்கும்போது அது அடுத்த பெரிய பல்லுக்கு ஏறி முறுக்கிக்கொள்ளும். கனமாக மிதிக்காமல் 80 கேடன்ஸுக்குள் உருட்டிக்கொண்டு வாருங்கள். சமதளத்தில் அதற்கு மேல் தேவைப்படாது, காற்று எதிரே இல்லாதவரை.